மேசைக் கணினியின் மின்வழங்கி: பழுதறிதலின் வரலாறு

முன்னுரை

மேசைக் கணினியின் மின்வழங்கி என்பது, வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைக் கணினியின் உறுப்புகளுக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட் நேர்த்திசை மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டியாகும். பழுதுபார்க்கும் கடைகளில் இதனை எஸ்.எம்.பி.எஸ். என்றே அழைப்பர். கணினியின் பின்புறம் மின்கம்பியைச் செருகும் இடமும் சிறு விசிறியும் இருப்பது இந்தப் பெட்டியில்தான்.

பொத்தானை அழுத்தியும் கணினி இயங்கவில்லை என்றால் நம்மில் பலருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிவதில்லை. "போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் நம்பிவிடுகிறோம். சில ரூபாய் விலையுள்ள ஓர் உறுப்பு கெட்டதால் முழுக் கணினியும் பழைய இரும்புக் கடைக்குப் போன வீடுகளும் பள்ளிகளும் உண்டு.

பழுதறியும் முறைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதால் இந்த நிலை மாறாது. ஏனெனில் ஒரே அறிகுறி வெவ்வேறு காலத்துக் கணினிகளில் வெவ்வேறு பொருள் தரும். "விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை" என்பதற்கு 1985ஆம் ஆண்டுக் கணினியில் ஒரு காரணம் இருக்கலாம். 2002ஆம் ஆண்டுக் கணினியில் வேறொரு காரணம் இருக்கலாம். மின்வழங்கி எவ்வாறு படிப்படியாக மாறிவந்தது என்ற வரலாற்றை அறிந்தவருக்கு அறிகுறிகளின் பொருள் தானே விளங்கும். அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

கனத்த மின்மாற்றிகளின் காலம் (1975–1976)

1975 ஜனவரியில் அமெரிக்காவின் பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்னும் கணினி இடம்பெற்றது. தனிமனிதர்கள் வாங்கித் தாமே பொருத்திக்கொள்ளக்கூடிய கணினியாக அது புகழ்பெற்றது. அதன் மின்வழங்கி பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்ததைப் போன்றது. இரும்பு உள்ளகம் கொண்ட கனத்த மின்மாற்றி மின்னழுத்தத்தைக் குறைக்கும். டையோடுகள் அதனை நேர்த்திசையாக்கும். பெரிய மின்தேக்கிகள் அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும்.

இவ்வாறு கிடைத்த சுமார் 8 வோல்ட் எல்லா அட்டைகளுக்கும் சென்றது. ஒவ்வோர் அட்டையிலும் இருந்த சீராக்கி அதை 5 வோல்டாகக் குறைத்தது. குறைக்கப்பட்ட 3 வோல்ட் என்ன ஆனது? முழுவதும் வெப்பமாக வீணானது. 8 வோல்டில் 3 வோல்ட் என்றால், அந்த ஒரு படியிலேயே 37.5 விழுக்காடு ஆற்றல் இழப்பு. இவ்வகை மின்வழங்கி நேரியல் மின்வழங்கி எனப்படும்.

1976இல் வந்த முதல் ஆப்பிள் கணினி வெறும் மின்சுற்றுப் பலகையாகவே விற்கப்பட்டது. மின்மாற்றிகளை வாங்கியவரே தேடிப் பொருத்த வேண்டியிருந்தது.

இக்காலத்தில் பழுதறிதல் எளிது. மின்மாற்றி, டையோடு, மின்தேக்கி, சீராக்கி என்ற வரிசையில் ஒவ்வோர் இடத்திலும் மின்னழுத்தத்தை அளந்துகொண்டே போனால், அது எங்கே நின்றுபோகிறதோ அங்கே பழுது இருக்கும். இன்றும் பழுதறிதலின் முதல் பாடம் இதுவே: சுவரிலிருந்து தொடங்கி, மின்சாரம் செல்லும் வழியிலேயே நாமும் செல்ல வேண்டும்.

ஆப்பிள் 2 கொண்டுவந்த மாற்றம் (1977)

1977இல் வெளியான ஆப்பிள் 2 கணினியில் விசிறி இல்லை. விசிறியின் ஓசை வேண்டாம் என்று விரும்பியதால், வெப்பம் குறைவாக வெளியிடும் மின்வழங்கி தேவைப்பட்டது. ராட் ஹோல்ட் என்னும் பொறியாளர் அதற்காக நிலைமாற்றி வகை மின்வழங்கியை வடிவமைத்தார். அதற்கு 1978 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

நிலைமாற்றி மின்வழங்கியின் தத்துவம் பின்வருமாறு. வீட்டு மின்சாரம் முதலில் உயர் மின்னழுத்த நேர்த்திசை மின்சாரமாக மாற்றப்படுகிறது. பிறகு ஒரு டிரான்சிஸ்டர் அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டு மின்மாற்றிக்குச் செலுத்துகிறது. அதிர்வெண் கூடும்போது மின்மாற்றி சிறியதாக இருந்தாலே போதும். வெளியே மின்னழுத்தம் குறைந்தால் டிரான்சிஸ்டர் அதிக நேரம் திறந்திருக்கும். கூடினால் குறைந்த நேரம் திறந்திருக்கும். மிகுதியை எரித்து வீணாக்குவதற்குப் பதிலாக, வேண்டிய அளவு மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பிற்காலக் கணினிகள் எல்லாம் ஆப்பிளின் இந்த வடிவத்தையே நகலெடுத்தன என்ற கருத்து பரவலாக உண்டு. அது முழு உண்மையன்று. விண்வெளிக் கருவிகளிலும் சில பெரிய கணினிகளிலும் இம்முறை அதற்கு முன்பே பயன்பட்டது. உயர் மின்னழுத்தத்தைத் தாங்கும் டிரான்சிஸ்டர்கள் மலிவானதே இது வீட்டுக் கணினிக்கு வந்ததற்கு முக்கியக் காரணமாகும்.

பழுதறிபவருக்கு இந்த மாற்றம் ஓர் ஆபத்தையும் கொண்டுவந்தது. நேரியல் மின்வழங்கியில் மின்மாற்றிக்கு அப்பால் இருந்தவை பெரும்பாலும் குறைந்த மின்னழுத்தங்களே. நிலைமாற்றி வகையிலோ பெட்டிக்குள்ளேயே உயர் மின்னழுத்தம் இருக்கிறது. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தின் உச்ச மதிப்பு, 230ஐ 1.414ஆல் பெருக்கினால் கிடைக்கும் சுமார் 325 வோல்ட் ஆகும். கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கிகளில் இந்த மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கலாம். ஆகவே மின்வழங்கிப் பெட்டியைப் பயிற்சி இல்லாதவர்கள் திறக்கவே கூடாது. இக்கட்டுரையில் கூறப்படும் சோதனைகள் அனைத்தும் அப்பெட்டிக்கு வெளியே செய்பவை.

ஐ.பி.எம். கணினியும் "பவர் குட்" சமிக்ஞையும் (1981)

1981 ஆகஸ்டு 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் மின்வழங்கி 63.5 வாட் திறன் கொண்டது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பெரிய சிவப்பு சுவிட்ச் இருந்தது. அதைத் தட்டினால் மின்சாரம் உண்மையாகவே துண்டிக்கப்பட்டது.

இக்கணினியில் "பவர் குட்" என்னும் ஒரு சமிக்ஞை இருந்தது. மின்வழங்கி தன் வெளியீட்டு மின்னழுத்தங்கள் சரியான அளவை எட்டிவிட்டனவா என்று தானே சோதித்து, பின்னரே ஒரு கம்பி வழியாக "சரி" என்று தாய்ப்பலகைக்குத் தெரிவிக்கும். அதுவரை செயலி தொடக்க நிலையிலேயே நிறுத்தி வைக்கப்படும். மின்னழுத்தம் நிலைபெறும் முன் செயலி ஓடத் தொடங்கினால் தவறாக இயங்கும் என்பதே காரணம். இன்றைய கணினிகளிலும் இச்சமிக்ஞை உண்டு. மின்னழுத்தம் சரியான பிறகு 100 முதல் 500 மில்லிவிநாடிக்குள் அது வரவேண்டும்.

"விசிறி சுற்றுகிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை" என்ற புதிரின் முதல் விடை இங்கே இருக்கிறது. விசிறி சுற்றுவது 12 வோல்ட் ஏதோ ஓரளவு வருகிறது என்பதை மட்டுமே காட்டும். 5 வோல்ட் குறைந்திருந்தால் "சரி" என்ற சமிக்ஞை வராது, செயலி விழிக்காது. எனவே விசிறியை மட்டும் பார்த்து மின்வழங்கி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

கணினி தன்னைத் தானே சோதித்து ஒலியால் முடிவைச் சொல்லும் வழக்கமும் இக்கணினியில் இருந்தது. ஒரு குறுகிய "பீப்" ஒலி வந்தால் எல்லாம் சரி. ஒலியே இல்லையென்றாலோ, ஒலி நிற்காமல் தொடர்ந்தாலோ மின்வழங்கியையும் தாய்ப்பலகையையும் முதலில் ஐயுற வேண்டும். ஒலிகளின் பொருள் இன்று தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. ஆனால் ஒலி வந்தால் செயலி விழித்துக்கொண்டது என்ற அடிப்படை மாறவில்லை.

63.5 வாட் விரைவிலேயே போதாமல் போனது. வன்தட்டு சேர்த்தவர்கள் இதனை உணர்ந்தனர். 1983இல் வன்தட்டுடன் வந்த எக்ஸ்.டி. கணினிக்கு 130 வாட் மின்வழங்கி தரப்பட்டது. புதிய உறுப்பைச் சேர்த்த மறுநாள் கணினி தடுமாறினால், அந்த உறுப்பு கெட்டது என்று எண்ணும் முன் மின்வழங்கியின் திறன் போதுமா என்று பார்க்க வேண்டும். இது அன்று கிடைத்த பாடம்.

ஏ.டி. காலம்: இரண்டு இணைப்பிகளும் ஒரு மின்கலமும் (1984)

1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினியின் மின்வழங்கி 192 வாட் திறன் கொண்டது. நிலைமாற்றி மின்வழங்கி ஓரளவு சுமை இருந்தால்தான் சீராக இயங்கும். ஆகவே வன்தட்டு இல்லாமல் விற்கப்பட்ட ஏ.டி. கணினிகளில், வன்தட்டுக்குப் பதிலாக 5 ஓம் மின்தடை ஒன்றை ஐ.பி.எம். பொருத்தி அனுப்பியது. 12 வோல்டை 5 ஓமால் வகுத்தால் 2.4 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 29 வாட் வெப்பமாக வீணாக்கப்பட்டது. அதன் நோக்கம் மின்வழங்கிக்குச் சுமை தருவது மட்டுமே. அக்காலத்தில் மின்வழங்கியைத் தனியாகக் கழற்றி, சுமையின்றிச் சோதித்து, "செத்துவிட்டது" என்று நல்ல பெட்டிகளைத் தூக்கி எறிந்தவர்கள் இந்த உண்மையை அறியாதவர்களே.

தாய்ப்பலகைக்கு மின்சாரம் பி8, பி9 என்ற இரண்டு இணைப்பிகள் வழியாகச் சென்றது. ஒவ்வொன்றிலும் ஆறு கம்பிகள். இரண்டும் ஒன்றுபோல இருந்ததால் இடம் மாற்றிச் செருகும் வாய்ப்பு இருந்தது. மாறினால் பலகை கெட்டுவிடும். "கறுப்போடு கறுப்பு" என்பதே அன்றைய தொழிலாளரின் மந்திரம். இரண்டு இணைப்பிகளின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

ஏ.டி. வடிவத்தைப் பின்பற்றிப் பிறர் தயாரித்த பல கணினிகளில் முன்பக்கப் பொத்தானுக்கே வீட்டு மின்சாரம் நேரடியாக வந்தது. அக்காலக் கணினியின் முன்பக்கத்தைக் கழற்றுபவர் முதலில் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டியது கட்டாயம்.

ஏ.டி. கொண்டுவந்த மற்றொன்று, கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைக்கும் சிறு மின்கலம். இன்று பெரும்பாலான தாய்ப்பலகைகளில் இருப்பது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் மின்கலம். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதே அந்த எண்ணின் பொருள். ஒவ்வொரு நாளும் கணினி பழைய தேதியைக் காட்டினாலோ, தொடக்கத்தில் அமைப்புப் பிழை என்று நின்றாலோ மின்கலம் தீர்ந்திருக்கலாம். இது மின்வழங்கிப் பழுதன்று. இதற்காக மின்வழங்கியை மாற்றுவது வீண்செலவு.

பல பழைய மின்வழங்கிகளின் பின்புறம் 115, 230 என்று எழுதிய ஒரு சிவப்பு நகர்த்தி இருக்கும். மாணவர்களின் விரல் தேடிப்போகும் இடம் இது. 115இல் வைத்தால் உள்ளிருக்கும் சுற்று மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும். நம் நாட்டின் 230 வோல்டையும் அது இரட்டிப்பாக்கினால் உள்ளே சுமார் 650 வோல்ட் உருவாகி, மின்தேக்கிகள் வெடிக்கும். கணினி "டமார்" என்ற ஒலியுடன் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த நகர்த்தியைத்தான்.

ஏ.டி.எக்ஸ்.: அணைந்தும் அணையாத கணினி (1995)

1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் புதிய தர அமைப்பை வெளியிட்டது. தவறாகச் செருக முடியாத 20 முனை இணைப்பி ஒன்று பி8, பி9 இரண்டின் இடத்தைப் பிடித்தது. 3.3 வோல்ட் நேரடியாக வழங்கப்பட்டது. முன்பக்கப் பொத்தான் வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் வேலையிலிருந்து விடுபட்டது. அது தாய்ப்பலகைக்குச் "சொல்லும்" பொத்தானாயிற்று.

இதற்காக மின்வழங்கி எப்போதும் ஊதாக் கம்பியில் 5 வோல்டைத் தந்துகொண்டே இருக்கிறது. இது காத்திருப்பு மின்னழுத்தம் எனப்படும். பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகை பச்சைக் கம்பியைத் தரையுடன் இணைக்கிறது. உடனே மின்வழங்கி முழுமையாக இயங்குகிறது. எல்லாம் சரியானதும் சாம்பல் நிறக் கம்பியில் "பவர் குட்" வருகிறது.

"இப்போது கணினியை அணைக்கலாம்" என்ற விண்டோஸ் 95இன் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கையால் சுவிட்சைத் தட்டிய தலைமுறைக்கு, கணினி தானே அணைவது வியப்பாக இருந்தது. ஆனால் இதனால் ஒரு குழப்பமும் வந்தது. அணைந்ததாகத் தோன்றும் கணினியில் மின்சாரம் இருக்கிறது. அந்நிலையில் நினைவக அட்டையைக் கழற்றினால் அது பழுதாகலாம். கம்பியைப் பிடுங்கிவிட்டே உள்ளே கை வைக்க வேண்டும்.

"பொத்தானை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை" என்ற அறிகுறிக்கு ஏ.டி.எக்ஸ். கணினியில் தேட வேண்டிய இடங்கள் வரிசையாக அமைகின்றன. சுவர்ச் சுவிட்ச், மின்கம்பி, மின்வழங்கியின் பின்புறச் சுவிட்ச் ஆகியவை முதலில். அடுத்து ஊதாக் கம்பியில் 5 வோல்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மின்வழங்கியே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால், முன்பக்கப் பொத்தானையும் அதன் மெல்லிய கம்பிகளையும் ஐயுற வேண்டும். பொத்தான் தேய்ந்துபோனதற்காகத் தாய்ப்பலகையை மாற்றியவர்களும் உண்டு.

பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து மின்வழங்கியைத் தனியே இயக்கிப் பார்க்கும் சோதனையும் இதிலிருந்தே பிறந்தது. பலகையிலிருந்து கழற்றிய இணைப்பியில், நிறத்தை உறுதி செய்துகொண்ட பின்னரே இதைச் செய்ய வேண்டும். அதில் தேறிய மின்வழங்கி இயங்கத் தொடங்குகிறது என்று மட்டுமே பொருள். சுமையைத் தாங்குமா என்பதை அச்சோதனை சொல்லாது.

அளக்கும்போது ஏ.டி.எக்ஸ். தரம் அனுமதிக்கும் வரம்பு 5 விழுக்காடு ஆகும். அதாவது 12 வோல்ட் 11.4 முதல் 12.6 வரையிலும், 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரையிலும் இருக்கலாம். கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது அளந்த அளவே பயனுள்ளது.

12 வோல்டுக்கு மாறிய செயலிகள் (2000)

1993இல் வந்த முதல் பென்டியம் செயலிகள் 5 வோல்டில் இயங்கின. பின்னர் செயலிகளின் மின்னழுத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் அவை உண்ணும் திறன் கூடியது. 60 வாட் தேவை என்று கொள்வோம். 5 வோல்டில் எடுத்தால் 12 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்டில் எடுத்தால் 5 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், முதல் முறையில் இழப்பு ஏறத்தாழ ஆறு மடங்காகும்.

ஆகவே 2000இல் பென்டியம் 4 வந்தபோது, செயலிக்கென்று 12 வோல்ட் தரும் தனி நான்கு முனை இணைப்பி சேர்க்கப்பட்டது. செயலிக்கு அருகில் உள்ள சீராக்கிகள் அதனைச் செயலிக்கு வேண்டிய குறைந்த மின்னழுத்தமாக மாற்றின. 2003இல் முதன்மை இணைப்பியும் 24 முனைகளாக வளர்ந்தது.

இதனால் "விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை" என்ற பழைய அறிகுறிக்குப் புதிய பொருள் வந்தது. பெரிய இணைப்பியைச் செருகிவிட்டு, செயலியின் சிறு இணைப்பியை மறந்தால் விசிறிகள் சுற்றும், செயலி விழிக்காது. கணினியைத் தூசு தட்டி மீண்டும் பூட்டியவுடன் இப்பழுது தோன்றினால், ஒன்றும் கெட்டிருக்காது. செருகாத இணைப்பியைத் தேடினால் போதும்.

உப்பிய மின்தேக்கிகளின் காலம் (1999–2007)

சுமார் 1999 முதல் 2007 வரை உலகெங்கும் கணினிகள் காலத்துக்கு முன்பே செயலிழந்தன. இதற்கு "மின்தேக்கிக் கொள்ளைநோய்" என்றே பெயர் வந்தது. தாய்ப்பலகையிலும் மின்வழங்கியிலும் இருந்த அலுமினிய மின்பகுளி மின்தேக்கிகள் உப்பி, வெடித்து, பழுப்பு நிறத் திரவத்தைக் கசியவிட்டன.

காரணம் வேதியியலில் இருந்தது. புதிய செயலிகளுக்கு உள்தடை மிகக் குறைந்த மின்தேக்கிகள் தேவைப்பட்டன. அதற்காக நீர் மிகுந்த மின்பகுளிகள் பயன்படுத்தப்பட்டன. நீர் அலுமினியத்தை அரிக்கும் தன்மையுடையது; அதைத் தடுக்கும் சேர்மங்கள் சரியான அளவில் கலக்கப்பட வேண்டும். அவை இல்லாதபோது அலுமினியம் ஹைட்ராக்சைடாகி, ஹைட்ரஜன் வாயு வெளிப்பட்டது. வாயுவின் அழுத்தத்தால் மேல்மூடி உப்பியது. மின்தேக்கியின் தலையில் கீறல் போன்ற கோடுகள் இருப்பது, அழுத்தம் மிகுந்தால் அங்கே பிளந்து வாயு வெளியேறட்டும் என்பதற்காகவே.

ஒரு நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட முழுமையற்ற சூத்திரமே இதற்குக் காரணம் என்று 2002 முதல் ஒரு செய்தி பரவியது. அது நீதிமன்றம் எதிலும் மெய்ப்பிக்கப்பட்டதன்று. ஆகவே வரலாறாகக் கொள்ள இயலாது. ஆனால் இழப்பு உண்மையானது. டெல் நிறுவனம் 2005இல் இத்தகைய கணினிகளைச் சரிசெய்யும் செலவுக்காக 30 கோடி டாலரைக் கணக்கில் ஒதுக்கியது.

இப்பழுதின் அறிகுறிகள் ஏமாற்றக்கூடியவை. கணினி காலையில் இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் தொடங்கும். சிறிது நேரம் ஓடிவிட்டு உறைந்து நிற்கும். தானே மறுபடி தொடங்கும். மல்டிமீட்டரில் 12 வோல்ட் சரியாகவே காட்டும். ஏனெனில் மல்டிமீட்டர் சராசரியைக் காட்டுகிறது. அதன்மேல் ஏறிவரும் நுண்ணிய சிற்றலைகளைக் காட்டுவதில்லை. ஏ.டி.எக்ஸ். தரத்தின்படி 12 வோல்டில் இந்தச் சிற்றலை 120 மில்லிவோல்டைத் தாண்டக் கூடாது. அதை அளக்க அலைநோக்கி வேண்டும். அலைநோக்கி இல்லாதவருக்குக் கண்ணே கருவி: தாய்ப்பலகையிலுள்ள மின்தேக்கிகளின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று பார்ப்பது.

நான் பணியாற்றிய பள்ளியின் கணினி அறையிலும் அக்காலத்தில் மூன்று கணினிகள் "போர்டு போனவை" என்று ஒதுக்கப்பட்டு, மூலையில் அடுக்கப்பட்டிருந்தன. ஊரில் வானொலிப் பெட்டி பழுதுபார்த்துவந்த எங்கள் பழைய மாணவர் ஒருவர் வேறு வேலையாகப் பள்ளிக்கு வந்தார். மூடியைத் திறந்து பார்த்தவர், "சார், போர்டு போகல, கெப்பாசிட்டர்தான் உப்பியிருக்கு" என்றார். அதே அளவு மின்தேக்கிகளை வாங்கிவந்து பற்றவைத்தார். இரண்டு கணினிகள் உயிர்பெற்றன, மூன்றாவது எழவில்லை. ஒவ்வொரு கணினியிலும் நான்கு மாணவர்கள் அமர்ந்த காலம் அது. மூலையில் கிடந்த மாதங்களில் எட்டு மாணவர்களின் இருக்கைகள் சில ரூபாய் உறுப்புகளுக்காகக் காலியாக இருந்தன என்ற கணக்கு இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

நல்ல மின்தேக்கிக்கும் ஆயுள் உண்டு. 105 பாகை செல்சியசில் 2000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் 10 பாகை குறையும்போது ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் பொதுவிதி. 65 பாகையில் அது 32,000 மணி நேரம். தூசு அடைத்து உள்வெப்பம் 75 பாகையானால் 16,000 மணி நேரமாகப் பாதியாகிவிடும். விசிறித் துளைகளைத் தூய்மையாக வைப்பது செலவில்லாத காப்பீடாகும். 2007க்குப் பின் தாய்ப்பலகைகளில் திரவம் இல்லாத திண்ம மின்தேக்கிகள் பரவலாயின. மின்வழங்கிக்குள் திரவ வகை இன்றும் இருக்கிறது.

மின்வெட்டும் யு.பி.எஸ்.ஸும்

தமிழ்நாட்டில் 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. கணினியுடன் யு.பி.எஸ். வாங்குவது வழக்கமாயிற்று. சாதாரண யு.பி.எஸ். மின்சாரம் நின்றதும் சில மில்லிவிநாடிகளில் மின்கலத்துக்கு மாறும். அந்த இடைவெளியைக் கணினியின் மின்வழங்கி தன் பெரிய மின்தேக்கியில் சேமித்த ஆற்றலால் தாங்க வேண்டும். ஏ.டி.எக்ஸ். தரம் எதிர்பார்க்கும் தாங்குநேரம் சுமார் 16 மில்லிவிநாடி.

மின்வழங்கியின் மின்தேக்கி வயதாகி வற்றினால் இந்தத் தாங்குநேரம் குறைகிறது. மின்சாரம் போகும்போது யு.பி.எஸ். சரியாக மாறினாலும் கணினி மறுபடி தொடங்கிவிடும். பழி யு.பி.எஸ். மீது விழும், புதிய யு.பி.எஸ். வாங்கியும் தீராது. அந்த யு.பி.எஸ்.ஸில் வேறொரு கணினியை மாட்டிப் பார்த்தால் யார்மீது குற்றம் என்பது தெரிந்துவிடும்.

திறன் காரணித் திருத்தம் கொண்ட புதிய மின்வழங்கிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. மலிவான யு.பி.எஸ். தரும் மின்சாரம் சீரான அலையாக இல்லாமல் சதுர வடிவில் இருக்கும். சில புதிய மின்வழங்கிகள் அதை ஏற்காமல் நின்றுவிடும். இங்கே இரண்டு கருவிகளும் நல்லவை. அவற்றின் பொருத்தமே பழுது.

அண்மைக்கால மாற்றங்கள்

2022இல் வரைகலை அட்டைகளுக்காக 600 வாட் வரை தரும் புதிய 16 முனை இணைப்பி வந்தது. 600 வாட்டை 12 வோல்டால் வகுத்தால் 50 ஆம்பியர். அது ஆறு முனைகள் வழியே பிரிந்து செல்கிறது. ஒன்றுக்கு எட்டு ஆம்பியருக்கும் மேல். இணைப்பி முழுமையாக அழுந்தாவிட்டால் சில முனைகளில் சுமை கூடி வெப்பம் ஏறும். அவ்வாண்டிலேயே சில இணைப்பிகள் உருகின. இணைப்பியை இறுதிவரை அழுத்திச் செருகாதது ஒரு காரணம் என்று கண்டறியப்பட்டது. 1984இன் பி8, பி9 கற்பித்த பாடம் மீண்டும் வந்தது: கனெக்டரைக் கவனி.

12 வோல்டை மட்டுமே வழங்கும் 10 முனை மின்வழங்கிகளும் வந்துள்ளன. இவற்றின் முதன்மை இணைப்பியில் 5 வோல்டைத் தேடினால் கிடைக்காது. பழைய பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே நல்ல மின்வழங்கியைக் கெட்டதென்று எறிந்துவிடுவார்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்துப் பார்த்தால் பழுதறியும் முறை தானே அமைகிறது.

1. முதலில் கணினியின் காலத்தையும் வகையையும் அறிக.
2. சுவரிலிருந்து தொடங்கி, கம்பி, சுவிட்ச், மின்வழங்கி, இணைப்பி, தாய்ப்பலகை என்ற வரிசையில் செல்க.
3. கடைசியாக என்ன மாற்றினோம், என்ன சேர்த்தோம் என்று நினைத்துப் பார்க்க.
4. கழற்றும் முன் கம்பியைப் பிடுங்குக. மின்வழங்கிப் பெட்டியைத் திறக்காதிருக்க.
5. கண்ணால் பார்த்து, அளந்து, நல்ல உறுப்பொன்றை மாற்றிப் பொருத்திச் சோதித்த பின்னரே "போய்விட்டது" என்று முடிவு கூறுக.

1981இன் "பவர் குட்", 1984இன் மின்கலம், 1995இன் பச்சைக் கம்பி, 2000இன் நான்கு முனை இணைப்பி ஆகிய நான்கின் வழித்தோன்றல்களும் இன்றைய மேசைக் கணினி ஒன்றுக்குள் ஒருங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றும் முந்தைய காலத்தின் ஒரு தேவைக்கு விடையாக வந்து, தனக்கே உரிய ஒரு பழுதையும் உடன் கொண்டுவந்தது. அவை எப்போது, ஏன் வந்தன என்பதை அறிந்த மாணவர், இயங்காத கணினியின் முன் அஞ்சி நிற்க வேண்டியதில்லை. கடைக்காரரிடம் எடுத்துச் சென்றாலும், எந்த உறுப்பு, ஏன் என்று கேட்கும் தெளிவு அவரிடம் இருக்கும்.